மஞ்சள் சதுரத்தில் மனிதர்கள் இல்லை

கூவக் கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பஸ்கூட மனசு வைத்தால்தான் வரும் அத்தனை தூரத்தில் இறக்கிவிட்டு, இனி இதுதான் உங்கள் ஊர் என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, புதுவாழ்வு நகர்க்காரர்கள் தண்ணீர் கேட்டார்கள், ரோடு கேட்டார்கள், பள்ளிக்கூடம் கேட்டார்கள், சாவு விழுந்தால் எரிக்க ஓர் இடம் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துபோன ஒரு காலத்தில், அவர்கள் கேட்காத ஒன்று அவர்களைத் தேடி வந்தது. அது நவீன ஓவியம்.

நிறத்தளம் அறக்கட்டளை என்று ஒன்று, மெயின் ரோட்டைப் பார்த்து நின்ற சி பிளாக்கின் ஜன்னலில்லாத பக்கச் சுவரைத் தேர்ந்தெடுத்து, ஓவியர் பத்மசேகரைக் கூட்டிக்கொண்டு வந்தது. தலை முழுக்க நரைத்தவர், யாரைப் பார்த்தாலும் முதலில் தான் கும்பிடுகிறவர், நல்ல மனிதர். நாற்பது வருடமாகச் சதுரம், வட்டம், முக்கோணம் தவிர வேறெதையும் வரைந்ததில்லை. காலனி மக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, தலைவர் படம் போடுங்கள் என்று ஒருவரும், அங்காளம்மனைப் போடுங்கள் என்று இன்னொருவரும், நாங்கள் இருந்த கரையையும் குடிசையையும் போடுங்கள், பிள்ளைகள் மறந்துபோகும் என்று வேறொருவரும் கேட்க, அவர் எல்லோரையும் கையமர்த்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

“மனுஷங்களை வரைஞ்சா யார் மேல, யார் கீழன்னு வந்துடும். சாமியை வரைஞ்சா யாரு சாமின்னு வந்துடும். சதுரத்துக்குச் சாதி இல்ல. முக்கோணத்துக்கு முதலாளி இல்ல. அது முன்னால எல்லாரும் ஒண்ணுதான். அதனாலதான் என் படத்துல மனுஷங்களே கிடையாது.”

அதை அவர் மனசாரச் சொன்னார், அதுதான் கொடுமை. எங்கெங்கோ புரட்சி நடந்த தெருக்களிலும் போர் முடிந்த தெருக்களிலும் அவரைப் போன்றவர்கள், கோட்டை நேராகப் போட்டால் வாழ்க்கையும் நேராகிவிடும் என்று நம்பி, பட்டினியோடு நின்று சதுரம் சதுரமாகப் போட்டார்கள். அந்தச் சதுரங்களை இன்றைக்குப் பெரிய கம்பெனிக்காரர்கள் வாங்கி, காவலாளியை நிறுத்தி, வரவேற்பறையில் மாட்டிவைத்திருக்கிறார்கள். பத்மசேகருக்கு இதுவும் தெரியும். தெரிந்துதான் பணக்காரன் வாங்கிக்கொண்டு போக முடியாதபடி சுவரில் வரைய வந்திருந்தார்.

சாரம் கட்டினார்கள். மேலே ஒரு சிவப்பு முக்கோணம், நடுவில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை, அதற்குக் கீழே, முழங்கால் உயரத்திலிருந்து தொடங்கி இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு மஞ்சள் சதுரம். ரோலர் உருட்டியது காலனியிலேயே பெயின்ட் வேலை பார்க்கும் தணிகாசலமும் அவன் அண்ணன் சுந்தரவேலுவும். அவர்களுடைய அம்மா பட்டம்மா துடைப்பத்தோடு வந்து, முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு, மேலும் கீழும் பார்த்தாள்.

“எங்க ஊட்டவிடப் பெருசா கீது சார் உங்க மஞ்சக் கட்டம்,” என்றாள்.

ஓவியர் சிரித்தார். அவருக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் உயர்ந்தது என்று பிறகு பல கூட்டங்களில் சொன்னார்.

பட்டம்மா பாராட்டவில்லை, அளந்தாள். அவளுடைய வீடு ஒரே அறை. அதில் அவளும், மூத்தவன் சுந்தரவேலுவும், அவன் பெண்டாட்டியும், மூன்று பிள்ளைகளும், இளையவன் தணிகாசலமும், அவன் புதிதாகக் கட்டிக்கொண்டுவந்த மோகனாவும் இருந்தார்கள். அந்த வீட்டில் யாரும் காலை நீட்டிப் படுத்ததில்லை. ஒருவர் நீட்ட வேண்டுமென்றால் இன்னொருவர் எழுந்து உட்கார வேண்டும். திருத்தணிப் பக்கத்திலிருந்து வாழ வந்த மோகனா, செல்போன் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு முடித்து, விடிந்து வந்து, சமையல் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாள். அவளைத் தாண்டித் தாண்டித்தான் மற்றவர்கள் தண்ணீர் மொண்டு குடித்தார்கள்.

ஓவியர் போன ஒரு வாரத்தில், ஷேர் ஆட்டோ ஓட்டும் கன்னியப்பன் பீடி பற்ற வைப்பதற்காகச் சுவரில் முதுகைச் சாய்த்தவன், மஞ்சளுக்குள் மல்லாக்க விழுந்துவிட்டான். ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுந்து வந்து, உள்ளே கொசு இல்லை, ஃபேன் இல்லாமலே காற்று வருகிறது, பகலா ராத்திரியா என்று தெரியாமல் எப்போதும் சாயங்கால வெயில் போலக் கிடக்கிறது என்று சொன்னான். சுவருக்குள் ஒரு மனிதன் எப்படிப் போனான் என்று புதுவாழ்வு நகரில் ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் வருமா என்று கேட்டார்கள். வராது என்றதும் சலித்துக்கொண்டார்கள். எத்தனை பேர் படுக்கலாம் என்று அடுத்தபடியாகக் கேட்டார்கள்.

அப்படித்தான் அது மஞ்ச ரூம் ஆயிற்று. பிரசவமாகி வந்தவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனாள், பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் புத்தகத்தோடு போனார்கள், குடிகாரப் புருஷனிடம் அடிபட்டவள் அழப் போனாள், அடித்தவனும் போதை தெளிந்தபின் அழப் போனான், சாகக் கிடந்த கிழவர் ஒருவர் தன்னை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைக்கச் சொல்லிக் கையையும் காலையும் நாலு பக்கமும் பரப்பிக்கொண்டு நிம்மதியாகச் செத்துப்போனார். உள்ளே போனவர்களுக்கு வெளியே கூப்பிடுவது கேட்காது, வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது; அதனால் ஆரம்பத்தில் ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் நுழைந்து, பார்க்கக்கூடாததைப் பார்த்து, இரண்டு மூன்று தடவை கைகலப்பாகிவிட்டது. பிறகு ஒரு வழக்கம் வந்தது. உள்ளே போகிறவர் செருப்பைச் சுவரடியில், முனை சுவரைப் பார்க்கும்படி, ஜோடியாகக் கழற்றி வைக்க வேண்டும். செருப்பு கிடந்தால் ஆள் இருக்கிறது. செருப்பு இல்லையென்றால் ஆள் இல்லை. எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாத குடிகாரன்கூட அந்தச் செருப்புக்குக் கட்டுப்பட்டுத் திரும்பிப் போனான்.

தணிகாசலமும் மோகனாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக உள்ளே போனார்கள். கல்யாணமாகி மாதக்கணக்கான பிறகும் அவள் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது, ஏனென்றால் அந்த வீட்டில் பேச்சு என்றால் எட்டுப் பேருக்கும் சேர்த்துத்தான். உள்ளே போனதும் அவர்கள் செய்த முதல் காரியம் சண்டை போட்டதுதான். அவள் தன் அப்பாவைப் பார்க்க ஊருக்கு அனுப்பவில்லை என்று கத்தினாள், அவன் பதிலுக்குக் கத்தினான், நாலு மாதத்துச் சண்டையையும் சத்தம் போட்டுத் தீர்த்தார்கள். சண்டை போடக்கூட இடம் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் இருவருக்கும் தெரிந்தது. கத்தி ஓய்ந்தபின் அவள் தரையில் படுத்து, காலை மெதுவாக நீட்டி, இன்னும் நீட்டி, குதிகால் எதிலாவது முட்டுமா என்று பயந்து பயந்து நீட்டிப் பார்த்தாள்.

“எதுவும் இடிக்கல, பாரேன்,” என்று சிரித்தாள். அவள் சிரித்தால் மூக்கில் ஒரு சத்தம் வரும் என்பதும் அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் அவள்மீது பைத்தியமானது அந்தச் சத்தத்தில்தான்.

அதன்பின் ஷிப்டு முடித்து வரும் மோகனா காலையில் மஞ்ச ரூமில்தான் தூங்கினாள். அந்த நேரத்தை அவளுக்கென்று காலனியே விட்டுக்கொடுத்தது. இடது செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்த அவளுடைய நீலச் செருப்பு சுவரடியில் கிடந்தால், உள்ளே கேட்காது என்று தெரிந்தும் பெண்கள் தண்ணீர்ச் சண்டையைக்கூடத் தள்ளிப்போய் வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் மனிதர்கள் புழங்கினால் அழுக்கு வராமல் இருக்குமா? சாய்ந்து சாய்ந்து உள்ளே போனதில், தலை படும் உயரத்தில் மஞ்சள் நெடுகிலும் ஓர் எண்ணெய்க் கறை படிந்தது. வருடம் திரும்பியதும் அறக்கட்டளையின் மேலாளர் அனுராதா வந்து பார்த்தாள், முகம் சுளித்தாள், ஓவியருக்குப் போன் போட்டாள். பொது இடத்து ஓவியத்துக்கான பெரிய விருது ஒன்றுக்கு அந்தச் சுவர் தேர்வாகும் நிலையில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து நடுவர்கள் வருவதாக இருந்தார்கள்.

பத்மசேகர் வந்தார். கறையைத் தொட்டுப் பார்த்தார். விரலை மோந்து பார்த்தார், தேங்காய் எண்ணெய். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஆச்சரியம் வரவில்லை, அவமானம்தான் வந்தது.

“உள்ள போறீங்களா? என் படத்துக்குள்ளயா?” என்றார். “நான் ஒரு மனுஷன் இல்லாம பாத்துப் பாத்து வெச்சிருக்கேன். நீங்க சமையல் வாசனையோட உள்ள போய்ப் படுத்துக்கறீங்க.”

“நீங்கதான சார் எல்லாருக்கும் பொதுன்னீங்க,” என்றான் கன்னியப்பன்.

“பாக்கறதுக்குப் பொது,” என்றார் ஓவியர்.

புதிதாக ஒரு கோட்டிங் கொடுத்து, மேலே எண்ணெய் ஒட்டாத வார்னிஷ் அடித்து மூடிவிடுவது என்று முடிவாயிற்று. நடுவர்கள் வரும் நாளன்று காலையில் வேலை. அன்றைக்கு ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்று நலச்சங்கத் தலைவர் தாமோதரன் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு அந்தச் சுவர்மேல் தனி மரியாதை. படம் வந்த பிறகுதான் பார்வையாளர்கள் வந்தார்கள், பார்வையாளர்கள் வந்த பிறகுதான் தார் ரோடு வந்தது, விளக்கு வந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி வந்தது. மனிதர்களுக்காக வராத ரோடு சதுரத்துக்காக வந்ததில் அவருக்கு வருத்தம் ஏதும் இல்லை.

மோகனா அன்றைக்கு ஓவர்டைம் பார்த்துவிட்டுச் சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் கம்பெனியில் மெஷின் நின்றுபோக, விடியும்போதே பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கண்கள் சொருகிக்கொண்டு வந்தவள், வேலை தொடங்குவதற்குள் கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று நினைத்திருப்பாள். செருப்பைக் கழற்றி, முனை சுவரைப் பார்க்க, ஜோடியாக வைத்துவிட்டுப் போனாள்.

சுவரடியைச் சுத்தம் செய்யும் தினக்கூலி வேலை பட்டம்மாவுக்கு. தரையில் ஒரு குப்பை தெரியக் கூடாது, போட்டோவில் விழும் என்று அனுராதா சொல்லியிருந்தாள். சுற்றிலும் காலனிப் பிள்ளைகள் விளையாடி விட்டுப்போன செருப்புகளும், பிய்ந்த செருப்புகளும், பிளாஸ்டிக் குடமும், தேங்காய் ஓடும் கிடந்தன. யாரும்தான் உள்ளே போகக் கூடாதே, போயிருக்க மாட்டார்கள் என்று பட்டம்மா எல்லாவற்றையும் வாரிச் சாக்கில் போட்டாள். அவளுக்குக் கண்ணில் புரை. மருமகள் செருப்பு கையில் பட்டதா, பட்டும் தெரியவில்லையா என்பதை அவளிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

தணிகாசலம் ரோலரை நனைத்தான். நனைத்தவன் நின்று, குனிந்து, சுவரடியைப் பார்த்தான். செருப்பு இல்லை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தடவை தலையை உள்ளே நீட்டிப் பார்த்திருப்பான். இவன் அந்தக் காலனிக்காரன். செருப்பு இல்லையென்றால் ஆள் இல்லை. அடித்தான், காயவிட்டான், வார்னிஷும் அடித்தான். நடுவர்கள் வந்து, தள்ளி நின்று, கிட்டே வந்து, மறுபடி தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் மோகனா இறங்கவில்லை. போன் போகவில்லை. அப்போதுதான் பெண்கள் பட்டம்மாவின் சாக்கைத் தரையில் கொட்டி அவரவர் வீட்டுச் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போகப் போகக் கூட்டம் குறைந்து, கடைசியில் ஒரு ஜோடி மட்டும் மிஞ்சியது. நீலச் செருப்பு. இடது வாரில் ஊக்கு. அதைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள்.

தணிகாசலம் ஓடிப்போய்ச் சுவரில் சாய்ந்தான். சுவர், சுவராக இருந்தது. கையால் அடித்தான், தோளால் இடித்தான், நெற்றியால் முட்டினான். வீட்டுக்கு ஓடிப் பட்டித் தகட்டை எடுத்துக்கொண்டு வந்து சுரண்டப் போனவனைத் தாமோதரனும் நாலைந்து பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அனுராதா பதறிக்கொண்டு வந்தாள், ஓவியரும் வந்தார்.

“உள்ள என் பொண்டாட்டி கீறா சார்,” என்றான் தணிகாசலம்.

பத்மசேகரின் கண்கள் கலங்கின. “என் படங்கள்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆள்கூட இருந்ததில்ல தம்பி. இதுல மட்டும் எப்படி இருக்க முடியும்?” என்றார்.

போலீஸ் ஸ்டேஷனில், கடைசியாக எங்கே பார்த்தாய் என்று கேட்டார்கள், மஞ்சளுக்குள் என்றான், வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்று எழுதிக்கொண்டார்கள். சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு மணி நேரம் வருத்தப்பட்டார்கள். பிறகு தாமோதரன் எழுந்து, விருது கிடைத்தால் ரேஷன் கடையும் வரும் என்றார்.

“அவ உள்ள சௌக்கியமாத்தான் இருப்பா. சாகறதுக்கு அங்க இன்னா கீது? கொசுகூட இல்ல,” என்றார். “நம்ம யாருக்குக் கெடச்சிது அவ்ளோ பெரிய ரூமு?”

அந்தப் பேச்சு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவள் ஓரகத்தி, கிண்டலாக இல்லாமல், உண்மையான பொறாமையோடு சொன்னாள். சில பெண்கள் சுவரில் குங்குமம் வைத்துச் சூடம் காட்டிப் பார்த்தார்கள். அறக்கட்டளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டு இரும்புத் தடுப்பு போட்டது. இடம் தராத சாமியை எத்தனை நாளைக்குத்தான் கும்பிடுவது என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். திருத்தணியிலிருந்து மோகனாவின் அப்பா வந்தார். சுவருக்கு முன்னால் பையோடு நின்று, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார்.

“எம்பொண்ணு எந்தப் பக்கமா இருக்கா?” என்று கேட்டார்.

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர் உத்தேசமாக ஓர் இடத்தில் தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டித் தொட்டுவிட்டு, பையில் கொண்டுவந்த அதிரசத்தைப் பட்டம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

தணிகாசலம் மறுபடி சுரண்டிவிடுவான் என்ற பயத்தில் அவனையே சுவருக்கு வாட்ச்மேனாகப் போட்டுவிட்டாள் அனுராதா. நீலச் சட்டை கொடுத்தாள், இனி ஒரு கீறல் விழுந்தாலும் அவனைத்தான் போலீஸில் பிடித்துக்கொடுப்பேன் என்றாள். யாராவது கேட்டால் சொல்ல ஒரு வாக்கியமும் சொல்லிக்கொடுத்தாள். பார்வையாளர்கள் காரில் வந்து இறங்கி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். அவன் சுவரைப் பார்க்காமல், “இதுல மனுஷங்க யாரும் கிடையாதுங்க,” என்பான். ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை முறை சொன்னான். எல்லோரும் போனபின் தடுப்புக்குள் போய், நீலச் செருப்பை எடுத்து, முனை சுவரைப் பார்க்க வைப்பான். விடிந்ததும் எடுத்துவிடுவான்.

மழைக்காலம் முடிந்தபோது மஞ்சளில் மறுபடி ஒரு கறை வந்தது. நெடுகிலும் இல்லை, ஒரே இடத்தில், ஒரு பெண்ணின் நெற்றி உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. துடைத்தால் போகவில்லை, ஏனென்றால் அது வார்னிஷுக்கு உள்ளே இருந்தது. தணிகாசலம் அதற்கு நேராக இந்தப் பக்கம் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள், பார்க்காத மாதிரி நடந்து போனார்கள்.

விருது கிடைத்திருந்தது. அதைக் கொடுக்க அதே நடுவர்கள் வருகிறார்கள் என்ற அன்று காலையில், அனுராதா கறையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். அந்த இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் கலந்த புது மஞ்சள் அடித்து மூடச் சொன்னாள். ரோலரைச் சுந்தரவேலுவிடமும், இத்தனை மாதம் ஒழுங்காகக் காவல் காத்தவன் என்ற நம்பிக்கையில் உப்புத்தாளைத் தணிகாசலத்திடமும் கொடுத்தாள். அவனும் வாங்கிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினான். வார்னிஷ் பொடிப்பொடியாக உதிர்ந்தது. திடீரென்று அவன் கை மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. அவன் அப்படியே நின்றான். பிறகு அவன் முகம் மாறியதைப் பட்டம்மா பார்த்தாள்.

“கையப் புடிச்சிகினாம்மா,” என்றான்.

இன்னும் கொஞ்சம் தேய்த்தான், தோள் நுழையும் அளவுக்கு. இடுப்பில் செருகியிருந்த நீலச் செருப்பை எடுத்துச் சுவரடியில் வைத்தான். தன் செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான். ஜோடி ஜோடியாக, முனை சுவரைப் பார்க்க. எல்லோரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

காலனி காத்திருந்தது. இதோ இரண்டு பேரும் வந்துவிடுவார்கள் என்று கன்னியப்பன் சொன்னான். அத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறார்கள், கொஞ்சம் அழுவார்கள், கொஞ்சம் சண்டை போடுவார்கள், நேரமாகத்தான் செய்யும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அப்போது தார் ரோட்டின் முனையில் கார்கள் திரும்புவது தெரிந்தது.

“மூடுங்க,” என்றாள் அனுராதா. “சீக்கிரம்.”

“ரெண்டே நிமிஷம் தாயி,” என்றாள் பட்டம்மா. உள்ளே கேட்காது என்று தெரிந்தும் அந்த ஓட்டையில் வாயை வைத்து, “தணிகா! டேய் தணிகா! வந்துடுடா!” என்று கத்தினாள்.

யாரும் அசையவில்லை. எல்லோரும் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன் அர்த்தம் தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. விருது வாங்க வந்திருந்த பத்மசேகர், மாலையோடு வந்த காரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். தாமோதரன் குனிந்து, நான்கு செருப்பையும் எடுத்து, பட்டம்மாவின் சாக்கில் போட்டு, வாயைக் கட்டினார். அதன்பின் சுவரடியில் செருப்பு இல்லை.

சுந்தரவேலு ரோலரை நனைத்தான். ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. மஞ்சள் சீராகி, கோடு நேராகி, மூலைகள் நான்கும் கூர்மையாகி, படம் அது வரையப்பட்ட நாளைவிடச் சுத்தமாக இருந்தது. நடுவர்களில் ஒரு பெண்மணி, இந்த மஞ்சளில் ஏதோ மூச்சுவிடுகிறது என்று சொல்லிக் கண் கலங்கினாள். புது வாட்ச்மேனாக நின்ற சுந்தரவேலு, “இதுல மனுஷங்க யாரும் கிடையாதுங்க,” என்றான். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு இருட்டியதும் பட்டம்மா வீட்டில் பாய் விரித்தார்கள். அவளும், மூத்தவனும், அவன் பெண்டாட்டியும், மூன்று பிள்ளைகளும் படுத்தார்கள். ஆறு பேரும் காலை நீட்டிப் படுத்தார்கள், எதுவும் இடிக்கவில்லை.